டேஷ்போர்டில் வைத்த கை

"டிப்ளமா படிக்கிறவளாம்ல, ஹீட்டரைப் போட்டா இஞ்சின் சத்தம் ஏன் எறங்குதுன்னு சொல்லு பாப்போம்," என்றார் வாடகைக் கார் டிரைவர்.

ஆஸ்பத்திரிக்குப் போக உசிலம்பட்டி ஸ்டாண்டில் பிடித்த கார், பழங்காநத்தம் நெரிசலில் சிக்கியிருந்தது. காய்ச்சலில் முனகிய அம்மா என் மடியில். இஞ்சின் கொதித்தது, அணைத்தால் மறுபடி கிளம்பாது. அந்தச் சூட்டை இறக்கத்தான் உச்சி வெயிலில் ஹீட்டரைப் போட்டிருந்தார். அம்மா முகத்தில் அடித்த அனலைத் தாவணியால் மறைத்தேன்.

வியர்வையில் மீசை ஒட்டிப்போன அந்த மனிதர், நாடி பார்ப்பதுபோல் டேஷ்போர்டில் உள்ளங்கையை வைத்தபடியே இருந்தார்.

"தெரியலண்ணே," என்றேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான்.

"எனக்கும் தெரியல தாயி. நின்னுறாதன்னு கும்புடத்தான் தெரியும்."

கார் நிற்காமல் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது; அம்மா பிழைத்தாள். ஹீட்டரின் காற்றாடிக்கு மின்சாரம் கொடுக்கும் பாரம் இஞ்சின்மேல் விழுவதால்தான் சத்தம் இறங்குகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் பேரைக்கூட அன்று கேட்கவில்லை. ஆனாலும் அந்த ஸ்டாண்டில் அவரைத் தேடி இதைச் சொல்ல உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.