மின்னி பே ஏற்றத்தில் என் நெஞ்சு

நான் இதயத்தில் ஓட்டையோடு பிறந்தவள். சின்ன வயதிலேயே சென்னைக்குக் கொண்டுபோய் அதை அடைத்துவிட்டார்கள். ஆனாலும் வீட்டில் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. எங்கள் தீவின் ஹேடோ குவார்ட்டர்ஸில் மற்றப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள். என்னை மட்டும் வாசல்படியில் உட்கார வைத்துவிடுவாள் அம்மா. "ஏதாவது ஆச்சுன்னா மெயின்லேண்ட் போக உடனே கப்பல் கிடைக்குமாடி?" என்பாள். அதனால் பள்ளியில் உட்கார்ந்தேன், கல்லூரியில் உட்கார்ந்தேன், கல்யாணமாகிக் கராச்சர்மா வந்த பிறகு கணவரின் ஸ்கூட்டரில் உட்கார்ந்தேன். உட்காருவதற்குப் பட்டம் கொடுத்தால் எனக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

போன வருடம் மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த இதய டாக்டர் எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. தினமும் நடங்க. பழகினதும் மேடும் ஏறுங்க" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்ததை இந்த மனிதர் ஒரே பேச்சில் ரோட்டில் விடச் சொல்கிறாரே!

பிசியோதெரபி செய்பவர் ஒரு பெங்காலிப் பெண். "தீரே தீரே, தீதி" என்று என்னை அக்காவாக்கி, மெதுவாக நடக்கவிட்டுப் பல வாரம் சமதரையிலேயே பழக்கினார். மூச்சு வாங்கினாலும் பேச முடிய வேண்டும். வலித்தாலோ தலை சுற்றினாலோ நின்றுவிட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

பிறகு ஒரு காலையில் கணவரும் நானும் மின்னி பே கடற்கரைச் சாலையின் ஏற்றத்தில் ஏறினோம். பாதி ஏறுவதற்குள் நெஞ்சு திடும் திடும் என்று காதுவரை அடித்தது. முடிந்தது கதை என்று ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏங்க, அடிச்சுக்குதுங்க!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. உடனே பிசியோதெரபிப் பெண்ணுக்குப் போன் போட்டார். வலிக்கிறதா என்று கேட்டார் அந்தப் பெண். இல்லை. தலை சுற்றுகிறதா? இல்லை. பேச முடிகிறதா?

"அதுல ஒரு குறையும் இல்ல" என்று தன் ஹிந்தியில் சொன்னார் கணவர்.

அந்தப் பெண் சிரித்தார். மேடு ஏறினால் எல்லாருக்கும் அப்படித்தான் அடிக்கும், கொஞ்சம் உட்கார்ந்து எழுந்திருங்கள் என்றார்.

எல்லாருக்குமா? எனக்கு அது தெரியவே தெரியாது. நல்ல இதயம் சத்தமே போடாது, கோளாறு உள்ளதுதான் அடித்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். ஓடிப் பார்த்திருந்தால்தானே தெரியும்?

"உங்களுக்குமா?"

"பின்னே? எனக்கென்ன கல்லா வெச்சிருக்கு?"

பக்கத்தில் உட்கார்ந்தவரின் சட்டையில் காதை வைத்தேன். "அரே, யாராவது பாக்கப் போறாங்க" என்று நெளிந்தார். பார்க்கட்டும். உள்ளே என்னுடையதைவிட வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. எனக்குப் புல்லரித்தது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் கேட்டதில்லை. எவ்வளவு பெரிய சத்தம்! இதை உள்ளே வைத்துக்கொண்டுதான் மனிதர்கள் ஒன்றுமே நடக்காததுபோல் மேடு ஏறுகிறார்களா?

ஒரு கையை அவர் நெஞ்சிலும் இன்னொன்றை என் நெஞ்சிலும் வைத்துக்கொண்டேன். இரண்டும் மெல்ல அடங்கின. என்னுடையதுதான் முதலில் அடங்கியது.

எழுந்து மேலே நடந்தேன்.