கிரவல் ஏரிக்கரையில் தவராசாவின் சனிக்கிழமைகள்

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ராணி அழைத்தாள். "அண்ணை, இவர் எழும்புறார் இல்லை. டொக்டர் வந்து பாத்திட்டுப் போட்டார்," என்றாள். அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. தன் கணவர் தவராசா போய்விட்டார் என்றுதான் சொல்கிறாள் என்பது எனக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. விளங்கியதும் முதலில் வந்தது துக்கம் அல்ல, பயம். மறுநாள் கழிந்தால் சனிக்கிழமை. தவராசாவோடு கிரவல் ஏரிக்குப் போகும் பிள்ளைகள் தூண்டிலோடு காத்து நிற்பார்கள். ஜெர்மனியின் மீன்பிடிச் சோதனை எழுதிச் சித்தியடைந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றால்தான் அந்த ஏரியில் பிள்ளைகள் தூண்டில் போடலாம். பீலெஃபெல்டில் எனக்குத் தெரிந்த எங்கள் ஆட்களில் அந்தப் பத்திரம் வைத்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் தவராசா. மற்றவன் நான்.

தவராசாவின் இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் நான் எழுதுவதைச் சிலர் விரும்பவில்லை என்று கேள்விப்பட்டேன். இரண்டு வருடமாக முகம் பார்க்காதவன் என்ன எழுதப்போகிறான் என்று கேட்டார்களாம். முகம் பார்க்காதது உண்மை. அதற்குக் காரணம் இருந்தது. அதையும் எழுதத்தான் போகிறேன்.

சோதனைக்கு என்னை இழுத்துப் போனவர் தவராசாதான். நான் உணவகத்தில் பாத்திரம் கழுவிய காலத்தில் பழைய பத்திரிகைகளை வாசித்தே டொச் என்கிற ஜெர்மன் மொழியைப் படித்தவன். எந்த வகுப்புக்கும் போனதில்லை. "அண்ணை, நீங்கள் வாசிச்சுச் சொல்லுங்கோ, நான் பாடமாக்கிறன்," என்றார். மூன்று மாதம் என் குசினி மேசையில் அந்தக் கேள்விப் புத்தகத்தைத் தமிழில் சொல்லிக் கொடுத்தேன். மீனின் செதிலை எண்ணுவது முதல், கொல்வதற்கு முன் தலையில் அடித்து மயக்க வேண்டும் என்ற சட்டம் வரை. கடைசியில் அவர் என்னைவிட இரண்டு கேள்வி கூடச் சரியாக எழுதியிருந்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, "நீங்கள் வைச்ச சோதனை அண்ணை கஷ்டம். அவங்கள் கேட்டது சும்மா விளையாட்டு," என்று சிரித்தார்.

ஏரி நகரத்திலிருந்து அரை மணி நேர ஓட்டம். கிரவல் கல் தோண்டி எடுத்த குழியில் தண்ணீர் நிறைந்து ஏரியானது. கரையிலிருந்து மூன்று அடி வைத்தால் காலுக்குக் கீழே நிலம் இல்லை. எனக்கு அந்த ஏரியை ஒருநாளும் பிடித்ததில்லை. தவராசாவுக்கு அது சொர்க்கம். ராணி அவித்த புட்டில் மிஞ்சியதைப் பிசைந்து உருட்டித் தூண்டில் கொளுக்கியில் குத்துவார். பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரர்கள் முதலில் சிரித்தார்கள். கெண்டை மீன் புட்டைத் தேடி வரத் தொடங்கியதும் ஒருவர் வந்து கொஞ்சம் கேட்டு வாங்கிப் போனார். "பாத்தீங்களோ அண்ணை, இந்த மீன் முழுக்க யாழ்ப்பாணத்து மீன்," என்றார் தவராசா.

ஏழு பிள்ளைகள் வருவார்கள். பெற்றோர் கடையிலும் தொழிற்சாலையிலும் சனிக்கிழமை வேலை செய்பவர்கள். தவராசாவின் வான் வண்டியில்தான் போவோம். அந்த வானில் ஒரு கட்டளை இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் கோயில் அன்னதானச் சாப்பாடு அதில்தான் போகும். ஆகையால் காலில் சப்பாத்தோடு யாரும் ஏறக் கூடாது. பிள்ளைகள் குளிரோ மழையோ சப்பாத்தைக் கழற்றிவிட்டு, உள்ளே விரித்த பாயில் போய் இருப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஒக்டோபர் காலை. ஆரணிக்கு அப்போது ஏழு வயது, கூட்டத்தில் அவள்தான் சின்னவள். சிவப்பு பூட்ஸ் முழுக்கச் சேறு. "இந்தச் சேறோட வான் பக்கம் வராத. கழுவு," என்று நான்தான் ஏசினேன். அதே நேரம் இன்னொரு பிள்ளையின் சட்டைக் கையில் கொளுக்கி ஏறிவிட்டது. அதைக் கழற்றக் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது தண்ணீர் ஓரத்துக் கல்லில் இரண்டு சிவப்பு பூட்ஸ், கழுவி, பக்கத்தில் பக்கத்தில், ஒழுங்காக வைத்தபடி. ஆரணி இல்லை.

நான் கத்திய கத்தில் அக்கரைப் பறவைகள் எழும்பிப் பறந்தன. தவராசா தூண்டிலை எறிந்தார். நீந்தத் தெரியாத மனிதர், கனத்த ஜாக்கெட்டோடு கழுத்தளவு தண்ணீரில் நின்று கையால் அடியைத் துழாவினார். நான் அவருடைய காலரைப் பிடித்துக்கொண்டு கரையில் படுத்திருந்தேன். இறங்கவில்லை. என் கால் வரவில்லை. அதை இங்கே மறைக்கப் போவதில்லை. அவர் இரண்டு தரம் மூழ்கினார், இரண்டு தரமும் இழுத்தேன். புட்டு வாங்கிப் போகிற அந்த ஜெர்மன்காரர் தீயணைப்புப் படைக்கு அழைத்துக்கொண்டு ஓடி வந்தார். மற்ற ஆறு பிள்ளைகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி வரிசையாக நின்றார்கள்.

தவராசாவுக்கு ஈரம் துடைக்கத் துவாய் எடுக்க வானுக்கு ஓடிய பெண்பிள்ளைதான் அங்கிருந்து கூப்பிட்டாள். "மாமா! ஆரணி இஞ்ச நித்திரை!"

பூட்ஸைக் கழுவிக் காயவைத்துவிட்டு, வெறுங்காலோடு புல்லில் நடந்து போய், பாயைப் போர்த்துக்கொண்டு படுத்துவிட்டாள். நாங்கள் பழக்கியபடியே செய்திருந்தாள். ஜெர்மன்காரர் பூட்ஸைக் கையில் தூக்கி, இந்தக் குளிரில் ஒரு பிள்ளை ஏன் இதைக் கழற்றியது என்று கேட்டார். அன்னதானம், வான், பாய் என்று டொச்சில் விளக்கத் தொடங்கி, பாதியில் பூட்ஸை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

தவராசாவுக்குப் பல்லெல்லாம் அடித்துக்கொண்டது. அந்த நிலையில், "அடுத்த சனி அரை மணித்தியாலம் பிந்தி வருவம் அண்ணை. வெயில் ஏறட்டும்," என்றார்.

"விசரே உனக்கு? இனி ஒருத்தரும் வாறேல்லை!"

"ஒண்டும் நடக்கேல்லையே."

"நடந்திருந்தா?"

"நடந்திருந்தா எண்டு பாத்தா, நாங்கள் இந்த நாட்டுக்கே வந்திருக்க மாட்டம்."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. இன்றும் பிடிக்கவில்லை. வீட்டுக்குப் போய் ஏழு பெற்றோருக்கும் நானே அழைத்து நடந்ததைச் சொன்னேன். இரண்டு பேர் பிள்ளைகளை நிறுத்தினார்கள். காட்டிக்கொடுத்தவன் என்று சிலர் எனக்குப் பெயர் வைத்தார்கள். தவராசா அப்படிச் சொல்லவில்லை, ஆனால் சனிக்கிழமையை விடவும் இல்லை. என் சொல்லைக் கேட்கவில்லையே என்று நான் அவர் வீட்டுப் படி மிதிப்பதை நிறுத்தினேன். கோயிலில் கண்டால் அவர் "என்னண்ணை, சுகமோ?" என்பார். நான் வேறு பக்கம் பார்ப்பேன். சனிக்கிழமைக் காலைகளில் மட்டும், மத்தியானம் வரை, தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருப்பேன். கெட்ட செய்தி வந்துவிடுமோ என்ற பயம்.

செத்த வீட்டில் ஆரணியின் தாய் வந்து, "அண்ணை, பிள்ளையள் சனிக்கிழமை போகலாமோ எண்டு கேக்கினம்," என்றாள். "ஏலாது," என்றேன். பக்கத்தில் ஆரணி நின்றாள், இப்போது ஒன்பது வயது. "நீங்கள் கத்தினா ஏரி முழுக்கக் கேக்கும் எண்டு தவம் மாமா சொன்னவர்," என்றாள். துக்க வீட்டில் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. மூன்று கிழமை அந்தக் கோபத்தோடு படுத்து எழும்பினேன். நான் போகாவிட்டால் இந்தப் பிள்ளைகள் பெரியவர் இல்லாமலே ஒருநாள் அந்தக் கரைக்குப் போவார்கள் என்ற எண்ணம் வந்த பிறகு கோபத்துக்கு இடமில்லை.

போன சனிக்கிழமை ஐந்து பிள்ளைகளோடு போனேன். அவர்களுக்கு நடுவில் நின்று எனக்கும் ஒரு தூண்டிலை விரித்தேன். ஆரணி அதை என் கையிலிருந்து வாங்கி மடக்கினாள்.

"தவம் மாமா தூண்டில் போடுறேல்லை."

"என்ன கதை கதைக்கிறாய்? அவர் போடாமல்?"

"அண்டைக்குப் பிறகு ஒருநாளும் போடேல்லை. அந்தக் கல்லில நிப்பார்."

கரை வளைந்து ஏரிக்குள் நீளும் இடத்தில் ஒரு பெரிய கல் இருக்கிறது. அதில் ஏறி ஏரிக்கு முதுகைக் காட்டி நின்றால் எல்லாப் பிள்ளைகளும் முகத்துக்கு நேரே வருவார்கள். இரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் அப்படி நின்றிருக்கிறார். மீன் என்றால் உயிரை விடுகிற மனிதர், மீனைப் பார்க்காமல் நின்றிருக்கிறார். அதை அவர் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அவருடைய தூண்டில்களை ராணி பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டாள். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அந்தக் கல்லை நான் வைத்துக்கொள்கிறேன், அதில் நிற்கும்போது வருகிற பயத்தோடு சேர்த்து. அன்று அதில் ஏறி, ஏரிக்கு முதுகைக் காட்டி, பன்னிரண்டு மணி வரை நின்றேன். பின்னால், மிகக் கிட்டத்தில், பெரிய கெண்டை ஒன்று துள்ளி விழுந்த சத்தம் கேட்டது. பிள்ளைகள் எல்லோரும் கூவினார்கள். நான் திரும்பவில்லை.