பக்கத்தில் நின்று அரைத்த தூள்

எங்கள் வியாபாரத்துக்கு விளம்பரம் என்று ஒன்று இருந்ததென்றால், அது இருமல்தான். வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் மொட்டைமாடியில் நான் செத்தல் மிளகாய் வறுத்தால், தும்மல் மாடி மாடியாகக் கீழே இறங்கும். மூன்றாம் மாடி அன்ரி இருமிக்கொண்டே போன் எடுப்பா.

"பிள்ளை, இண்டைக்கு வறுக்கிறீர் போல. எனக்கும் ஒரு கிலோ எடுத்து வையும். சாகாமல் இருந்தால் வந்து வாங்குறன்."

ஒரு தாச்சிச் சட்டி, ஒரு அகப்பை, நான். அவ்வளவுதான் தொழிற்சாலை. வறுத்ததை அரைக்கக் கொட்டாஞ்சேனையில் இருக்கும் மில்லுக்குப் போவேன். அங்கே வருகிற எல்லோரும் தங்கள் சாமானுக்குப் பக்கத்தில் தாங்களே நிற்பார்கள். மெசினின் வயிற்றுக்குள் முன்னுக்கு அரைத்தவருடையது கொஞ்சம் தங்கியிருக்கும் அல்லவா? அதனால் முதலில் விழும் தூளைத் தனியே ஒதுக்கிவிட்டுத்தான் மிச்சத்தைப் பையில் பிடிப்போம். "கலியாண வீட்டுப் பந்தியில யாருக்குப் பக்கத்தில இருந்தாலும் பரவாயில்ல, மில்லுல யாருக்குப் பின்னால நிக்கிறோம்னு பாக்கணும்" என்று வரிசையில் நின்ற ஒரு பெண் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

என் கணவர் ஒருகொடவத்தையில் ஒரு கொண்டெய்னர் யார்ட்டில் கிளார்க். நாள் முழுக்கக் கொண்டெய்னரைப் பார்க்கிற மனிதர், என் தூளையும் கொண்டெய்னரில் ஏற்றித்தான் கனவு காண்பார். அந்த நேரம் பார்த்து, கொட்டாஞ்சேனையில் பல கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் மில்லில் என் தூளை மணந்து பார்த்துவிட்டார்.

"அக்கா, முதல்ல ஒரு மூட்டை மாதிரிக்குக் குடுங்க. நல்லா இருந்தா எல்லாக் கடைக்கும் எடுக்கிறேன்."

என் கணவருக்குக் கால் நிலத்தில் இல்லை. "மெசின் வாங்குவம், ஆள் போடுவம். தூள் அவருக்குப் பிடிச்சால் திங்கக்கிழமையே நான் வேலையை விடுறன்."

"மெதுவாப் போவமப்பா. உங்கட சம்பளத்திலதானே வீடு ஓடுது."

"நீர் ஏன் சும்மா பயப்பிடுறீர்? ஒரு தாச்சியோட எவ்வளவு காலத்துக்கு நிண்டு வறுக்கிறது?"

கை வலிக்க வலிக்க வறுத்தேன். இவரும் நானும் மில்லுக்குப் போன அன்று பார்த்து மூன்றாம் மாடி அன்ரியின் மகளுக்குக் கலியாணம். மில்லிலோ கரண்ட் போய், வரிசை வாசல் வரைக்கும் நின்றது. கலியாணத்தில் முகத்தைக் காட்டாவிட்டால் அந்த மாடிப்படியில் பிறகு ஏறி இறங்க முடியாது. மில்லுக்காரர் எங்கள் முழிசாட்டத்தைப் பார்த்துவிட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கக்கா. நான் பாத்துக்கிறேன்."

போனோம், சாப்பிட்டோம், போட்டோவுக்கும் நின்றோம். திரும்பி வந்தபோது தூளெல்லாம் கிலோ கிலோவாகப் பையில் கட்டி அழகாக அடுக்கியிருந்தது. "ஒரு சிட்டிகைகூட வீணாக்கலக்கா" என்றார் மில்லுக்காரர் பெருமையாக. நாங்களும் நன்றி சொல்லிவிட்டு நேரே கடையில் கொண்டுபோய் இறக்கினோம்.

அடுத்த நாள் மத்தியானம் முதலாளியின் போன் வந்தது. "அக்கா, நண்டுக் கறிக்குள்ள கோப்பி போட்டது யாரு?"

எங்களுக்கு முன்னால் கோப்பி அரைத்திருக்கிறார்கள். மில்லுக்காரர் வீணாக்காமல் பிடித்த முதல் பைதான், பார்த்தீர்களா, முதலாளி வீட்டுக்குப் போயிருக்கிறது. இவர் தலையில் கை வைத்தபடி கட்டிலில் இருந்துவிட்டார். எனக்கு அழுகைக்குப் பதிலாகச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் அவருக்கும் தொற்றியது.

ஆனால் முதலாளி லேசுப்பட்டவர் இல்லை. பின்னேரம் இவருடைய போனுக்கு எடுத்தார். "மத்தப் பை எல்லாம் சோக்கா இருக்கு. மெசின் போடுங்க, எல்லாக் கடைக்கும் எடுக்கிறேன்" என்றார்.

இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் போனை வாங்கினேன். "ஒரு கடைக்கு மட்டும் தாறன் அண்ணை. நான் பக்கத்தில நிண்டு அரைக்கக்கூடிய அளவு அவ்வளவுதான்."

போனை வைத்ததும், "அப்ப நாங்கள் வளரவே மாட்டம்" என்றார் இவர்.

"ஏன் மாட்டம்? லீவு நாளில நீங்களும் வந்து நில்லுங்கோ. ரெண்டு கடைக்குக் குடுக்கலாம்."

திங்கட்கிழமை வழமைபோல் வேலைக்குப் போனார். சனிக்கிழமை என்னோடு மில்லுக்கு வந்தார். இப்போது சனிக்கிழமைகளில் மூட்டையில் ஒரு கையை வைத்தபடி, யார்ட்டில் லொறிகளுக்கு இடம் சொல்வதுபோல வரிசையையே அவர்தான் நடத்துகிறார். "தம்பி, பையில என்ன, கோப்பியோ? அப்ப எனக்குப் பின்னால வாரும். பின்னால, பின்னால!"