மூன்றாவது சாவி

என் மகளின் பதினைந்தாவது பிறந்தநாளுக்குச் சுடிதார் எடுக்கக் கூப்பிட்டேன். "சுடிதார் வேணாம்மா, வீட்டுச் சாவி ஒண்ணு குடு" என்றாள்.

அதுவரை பள்ளிக்கூடம் விட்டதும், நான் ஜவுளிக்கடையிலிருந்து வரும்வரை பக்கத்து வீட்டில்தான் இருப்பாள். பூட்டோடு வந்த மூன்றாவது சாவி பீரோவில் சும்மா கிடந்தது. பிறந்தநாளன்று காலையில் அதைச் சிவப்பு நூலில் கோத்துக் கொடுத்தேன்.

கொடுத்துவிட்டேனே தவிர, கடையில் இருப்புக் கொள்ளவில்லை. முதலாளியிடம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு, ஐந்து மணிக்கே டவுன் பஸ் ஏறிவிட்டேன்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன்.

"யாரு?"

"நாந்தான்."

"நாந்தான்னா யாரு? பேரச் சொல்லுங்க."

பேர் கேட்காமல் யாருக்கும் திறக்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்ததே நான்தான். என் வீட்டு வாசலில் நின்று என் பேரைச் சொன்னேன்.

திறந்தவள் கையில் கரண்டி. "ஏம்மா இம்புட்டுச் சீக்கிரம்? நீ வர்றதுக்குள்ள கேசரி செஞ்சுரலாம்னு பாத்தேன்."

"தலைவலி" என்றேன். அதே பொய்தான்.

"செத்த நேரம் படு. உள்ள வராத" என்று பாயை விரித்துப் போட்டுவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ரவை தீயும் வாசனை வந்தது. கால் பரபரத்தது. எழுந்திருக்காமல் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். சாவியை நான் நிஜமாகக் கொடுத்தது அப்போதுதான்.