துக்க வீட்டில் ஹார்ட்

போன மாதம் ஒரு நாள் கருப்பையா வந்தார். அரிமளம் பக்கத்து ஆள். ஒன்றியக் கவுன்சிலர் சீட்டுக்காக நெடுநாளாகக் காத்திருப்பவர். வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது – முகம் அதைவிட.

"என்னைய ஜனங்களுக்குப் பிடிக்கலையாம் சார். கம்ப்யூட்டரு சொல்லுதாம்."

அவருடைய கட்சி டேட்டா மைனிங்கில் இறங்கிவிட்டது. சீட் கேட்பவர்களின் ஃபேஸ்புக் பக்கத்தை ஒரு கம்பெனியிடம் கொடுக்கிறார்கள். யார் பெயரோடு என்ன வார்த்தை வருகிறது, யார் பதிவுக்குச் சிரிப்பு, யாருக்கு அழுகை என்று தோண்டி எடுத்து கம்ப்யூட்டர் மார்க் போடும். மண்ணைத் தோண்டினால் எங்கள் வருவாய்த் துறையில் பெர்மிட் கேட்போம். மனிதனைத் தோண்ட அதெல்லாம் தேவையில்லை போலிருக்கிறது.

கருப்பையாவின் பக்கத்தைப் பார்த்தேன். பாவம் கம்ப்யூட்டர்... அது என்ன செய்யும்?

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு வராதவனை மன்னித்துவிடுவார்கள். சாவுக்கு வராதவனுக்கு ஓட்டு கிடையாது. சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் உயிர் போனாலும் ஐஸ் பெட்டிக்கு முன்னால் மாலையோடு முதல் ஆளாக நிற்பார் கருப்பையா. படம் எடுத்துப் பதிவும் போடுவார். கீழே வரிசையாக அழுகிற பொம்மைகள். 'ஆழ்ந்த இரங்கல்', 'தாங்க முடியவில்லை', 'பேரிழப்பு'...

கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது – இவரைக் கண்டாலே மக்கள் அழுகிறார்கள்.

அதே சீட்டைக் கேட்கும் இன்னொருவர் திருச்சியில் குடியிருக்கிறார். ஊர்ப்பக்கம் தலைகாட்டுவதில்லை. பிறந்தநாளுக்கு கேக் வெட்டிப் படம் போட்டார். ஹார்ட் குவிந்தது. மார்க்கும்.

"அப்பீல் எங்கிட்டு சார் போடுறது?"

தாசில்தார் தப்புச் செய்தால் ஆர்.டி.ஓ. அவர் தப்புச் செய்தால் டி.ஆர்.ஓ. கம்ப்யூட்டருக்கு மேலே யார்? எனக்குத் தெரிந்த எந்த விதியிலும் இல்லை.

"கட்சி ஆபீஸுக்கு நேரில் போய், அதெல்லாம் சாவு வீட்டுப் படம்னு சொல்லுங்களேன்."

"நேருல வரப்படாதாம் சார். மாசக் கடைசியில மறுக்கா பாப்பாகளாம். அதுக்குள்ள மார்க்க ஏத்தணும்."

ஏற்றினார்.

அந்த வாரமே பக்கத்து ஊர் வேலுச்சாமி காலமானார். பெரிய பங்காளிக் கூட்டம். சொல்லிவைத்தாற்போல ஒரே சின்னத்தில் குத்துகிற கூட்டம். கருப்பையா வழக்கம்போல மாலை, படம், பதிவு. கூடவே தன் ஆட்களுக்கு வாட்ஸ்அப்பில் ஓர் உத்தரவு: 'யாரும் அழுகுற பொம்மை போடாதீங்க. ஹார்ட் மட்டும். நல்ல வார்த்தையா எழுதுங்க.'

கட்டுப்பாடான கட்சி. எழுதினார்கள். 'சூப்பர்ணே', 'மகிழ்ச்சி', 'கலக்குங்க மாமா', 'இதுபோல் மேன்மேலும் தொடர வாழ்த்துகள்'...

காரியத்துக்குப் போன கருப்பையாவை வேலுச்சாமியின் மகன் வாசலிலேயே நிறுத்தினார். போனை நீட்டினார்.

"எங்கப்பா செத்ததுல ஒங்க ஆளுகளுக்கு அம்புட்டு மகிழ்ச்சியா மாமா?"

"அது... கம்ப்யூட்டருக்காகப் போட்டதுப்பா."

"அப்ப ஓட்டையும் கம்ப்யூட்டருகிட்டயே வாங்கிக்கங்க."

பந்தலில் இருந்த பங்காளிகள் ஒருவரும் 'வாங்க' என்று சொல்லவில்லை. எத்தனையோ சாவுக்குப் போய்ச் சம்பாதித்ததை ஒரே சாவில் விட்டுவிட்டு வந்தார் மனிதர்.

நேற்று போன் செய்தார். குரலில் இருந்தது சந்தோஷமா, துக்கமா? எனக்கே பிடிபடவில்லை, கம்ப்யூட்டரைக் குறை சொல்லி என்ன?

மார்க் எகிறிவிட்டதாம். சீட் அவருக்குத்தானாம்.

இனி ஒரே ஒரு ஃபார்மாலிட்டிதான் பாக்கி – ஓட்டு.