புழுக் கொட்டகையில் பதினைந்து நாள் இருந்த கடலை மிட்டாய்

கடலை மிட்டாய்க்கு ஒரு நல்ல சட்டை வேண்டும். இந்தப் பயணத்துக்குக் காரணம் அவ்வளவுதான். தருமபுரியில் என் வீட்டிலேயே மிட்டாய் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். பாலிதீன் கவரில் போட்டால் பிளாஸ்டிக் அபராதம் வரும் என்று கடைக்காரர்கள் வாங்கப் பயப்படுகிறார்கள். காகிதத்தில் சுற்றினாலோ நான்காம் நாள் மிட்டாய் என் மாமனார் முகம் மாதிரி தொய்ந்துபோகிறது. (அவர் இதைப் படிக்க மாட்டார், தைரியமாக எழுதுகிறேன்.)

அப்போதுதான் மாரண்டஹள்ளிப் பக்கம் காவேரி என்ற பெண் மரவள்ளிக் கிழங்கு மாவில் கண்ணாடி மாதிரி தாள் செய்கிறாள் என்று கேள்விப்பட்டேன். மிட்டாயைச் சுற்றலாம், தின்றுவிட்டு மண்ணில் போட்டால் மட்கிவிடும், மாடு தின்றாலும் கெடுதல் இல்லை. போனில் பேசினோம். நான் பஸ்ஸில் நாற்பது மிட்டாய் அனுப்பினேன். அவள் இருபதைத் தன் மாவுத்தாளில் சுற்றி அங்கேயே வைத்துக்கொண்டாள். மீதி இருபதையும் சுற்றி எனக்கே திருப்பி அனுப்பினாள். பதினைந்து நாள் கழித்து இரண்டையும் ஒன்றாகப் பிரித்துப் பார்ப்பது என்று பேச்சு.

"இது மூணாவது தடவைக்கா. ரெண்டு தடவ நமுத்துப்போச்சு. இதுவும் நமுத்தா தாள் ஊத்தற தட்டை எல்லாம் ஏறக்கிட்டு நானும் எங்க வூட்டுக்காரரும் ஓசூருக்குக் கம்பெனி வேலைக்குப் போயிர்றோம். பேசி வெச்சாச்சு" என்றாள். அழவில்லை. காய்கறி விலை சொல்வது போலச் சொன்னாள். எனக்கு அதுதான் சங்கடமாக இருந்தது.

மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை 7.20க்குத் தருமபுரி பேருந்து நிலையத்தில் ஏறினேன். பாலக்கோடு வழியாக மாரண்டஹள்ளி முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். 8.40க்கு இறக்கிவிட்டார்கள். இட்லி இரண்டு, வடை ஒன்று, டீ, எல்லாம் சேர்த்து 45 ரூபாய். தக்காளிக் கூடைகள் வழியை அடைத்துக்கொண்டிருந்ததால் ஆட்டோ பிடிக்க அரை மணி ஆனது. காவேரியின் ஊர் அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். 150 ரூபாய் கேட்டார், 120க்கு வந்தார்.

"காவேரி கொட்டாய்க்குங்களா? ரோட்டு மேலயே ஏறக்கி வுட்டுர்றனுங்க."

"ஏன், உள்ள வந்தா ஆட்டோ தீட்டுப்பட்டுருமா?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அது முன்ன பட்டுப்புழு வளத்த கொட்டாய்ங்க. ரெண்டு வருசம் முன்ன பால் நோய் வந்து அத்தனை புழுவும் செத்துப்போச்சு. கொட்டாய் காலி. ஆனா சத்தம் மட்டும் கேக்குது. தழை தின்ற சத்தம்."

"செத்தும் பசி அடங்கலையா? எங்க வூட்டு ஆளுங்க மாதிரியே இருக்குதே."

அவர் சிரிக்கவில்லை. சொன்னபடியே ரோட்டில்தான் இறக்கினார்.

மல்பெரித் தோட்டத்துக்கு நடுவே நீளமான கொட்டகை. முப்பதடிக்கு மேல் இருக்கும். காவேரி முற்றத்தில் மாவுக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், கையெல்லாம் கொப்புளத் தழும்பு. ஒரு பயிற்சி முகாமில் மூன்று நாள் கற்றாளாம், மிச்சத்தைக் கருகிய பாத்திரங்களிடம் கற்றாளாம். மரவள்ளி மாவு, தண்ணீர், தாள் ஒடியாமல் வளைய கொஞ்சம் கிளிசரின். கொதிக்கக் கிண்டித் தட்டில் மெல்லிசாக ஊற்றி, முக்கால்வாசி காய்ந்ததும் உரித்து, ஒரு பக்கம் தேன்மெழுகு பூசிக் கயிற்றில் தொங்கவிடுவது. சொல்ல ஒரு நிமிடம்தான். நான் கிண்டிப் பார்த்தேன், ஐந்தே நிமிடத்தில் தோள் கழன்றது.

அவள் கணவர் மாதேஷ் வந்து "வாங்க" என்றார். கையில் குடம். சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனார். புழு வளர்த்த காலத்தில் நல்ல பெயர் எடுத்தவர் என்று காவேரிதான் சொன்னாள்.

உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுச் சுண்ணாம்புத் தண்ணீரில் காலை நனைக்கச் சொன்னாள். புழுவுக்கு நோய் வராமல் இருக்கச் செய்வதாயிற்றே, புழு இல்லாத கொட்டகைக்கு எதற்கு இது என்றேன். "பழக்கந்தாங்க்கா" என்றாள்.

உள்ளே வரிசை வரிசையாக மாவுத்தாள்கள் தொங்கின. இருநூறு இருக்கும். கூரையின் கண்ணாடி ஓட்டு வெளிச்சம் அவற்றில் புகுந்து பால் நிறமாக நின்றது. பலகைச் சன்னல்கள் இடுக்கு மட்டும் விட்டு மூடியிருந்தன, காற்று துளியும் இல்லை. ஆனாலும் மெல்ல ஒரு சத்தம். சரசரவென்று ஓட்டு மேல் தூறல் விழுவது போல.

"என்னடி, ஆட்டோக்காரன் சொன்னது நெசந்தானா?" என்றேன். நான் பேசி முடிக்கும் முன்னே என் எதிரில் இருந்த தாள் ஓரம் சுருண்டு என் பக்கம் வளைந்தது. அடுத்ததும் வளைந்தது. யாரோ பேசுவதைக் கேட்கக் காதைத் திருப்புவது போல.

நான் வாயை மூடினேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

"மூச்சுல ஈரம் இருக்குதில்லக்கா, அதுக்கு வளையுது. காயறப்ப இப்படித்தான் சத்தம் போடும். பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, காவேரி சாப்பாடு எடுத்துவர வீட்டுக்குப் போனாள். மணி 12.10. நான் தனியாக நின்றேன்.

வெயில் ஏற ஏறச் சத்தமும் ஏறியது. கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசி வாரத்தில் பட்டுப்புழு தழை தின்னும் சத்தத்தை நான் சின்ன வயதில் பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறேன். அதே சத்தம், கொஞ்சமும் மாற்றமில்லை. ஆயிரம் வாய்கள் நிறுத்தாமல் கடிக்கிற சத்தம். கயிற்றில் தாளைத் தவிர ஒன்றும் இல்லை என்று கண் சொல்கிறது, காது ஒத்துக்கொள்ளவில்லை.

திடீரென்று கடைசி வரிசையில் சத்தம் அடங்கியது. பிறகு அதற்கு முந்தைய வரிசை. அப்புறம் அதற்கு முந்தையது. ஒவ்வொரு வரிசையாக அமைதி என்னை நோக்கி வந்தது. என் பக்கம் வளைந்திருந்த தாள்கள் எல்லாம் என்னை விட்டுப் பின்பக்கம் திரும்பின. சொட்டு, சொட்டு என்று எங்கோ தண்ணீர். பின்பக்கச் சன்னல் இடுக்கில் ஒரு கை ஈரமாக மேலேறி, இறங்கி, மறைந்தது.

ஓடியிருப்பேன். சுண்ணாம்புக் கால் வழுக்கும் என்றுதான் ஓடவில்லை.

காவேரி வந்ததும் அதைச் சொல்லாமல் முதலில் மிட்டாயைப் பிரித்தோம். என் வீட்டில் இருந்து நான் கொண்டுபோனது 'டக்' என்று உடைந்தது. கொட்டகையில் இருந்தது வெல்லப் பிசின் மாதிரி இழுத்தது. காவேரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சரிக்கா. ஓசூர்தான்" என்றாள்.

"இருடி. ஒரே தாள், ஒரே மிட்டாய். என் வூட்டுல கெடல, உன் கொட்டாய்ல கெட்டிருக்குது. தப்பு தாள்ல இல்ல. பின்னால தண்ணி சொட்டற சத்தம் கேட்டுது, என்கூட வா."

பின்பக்கம் தோட்டத்து ஓரம் சுற்றிப் போனோம். அங்கே அவள் போவதே இல்லையாம், வேலை எல்லாம் முன்பக்கம். ஏழு சன்னலிலும் கோணிச்சாக்கு தொங்கியது. ஏழும் தண்ணீர் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. புழு வளர்ப்பவர்கள் கொட்டகை குளிர்ச்சியாக இருக்க இப்படித்தான் சாக்கை நனைப்பார்கள். கடைசிச் சன்னலில் குடத்தோடு மாதேஷ் நின்றார்.

"ஏனுங்க, இது எத்தனை நாளா நடக்குது?" என்றாள் காவேரி.

"தாள் தொங்கவுட்ட நாள்ல இருந்து. வெடியறப்ப ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா."

"அது புழு இல்லீங்க. கெழங்கு மாவு."

"தெரியும் காவேரி."

"தெரிஞ்சுமா ஊத்தினீங்க?"

அவர் குடத்தைக் கீழே வைத்தார். "பசிக்குதுன்னு சத்தம் போடுது. தண்ணி ஊத்தினா அடங்கிருது. செத்ததுங்களுக்குக் கடைசி நாள்ல நான் ஒண்ணும் பண்ண முடியல."

 

காவேரி அவரைத் திட்டவில்லை. முதல் சாக்கை அவளே அவிழ்த்தாள். மற்ற ஆறையும் அவர் அவிழ்த்துக் கொடுத்தார், ஒவ்வொன்றையும் பிழிந்து, மடித்து. பையில் கொண்டுபோயிருந்த இன்னும் இருபது மிட்டாயைத் தாளில் சுற்றி வைக்கக் கொடுத்துவிட்டு நான் 3.15 பஸ்ஸில் திரும்பினேன்.

பதினைந்தாம் நாள் போன் வந்தது. "கேளுங்க்கா" என்று போன் பக்கத்தில் வைத்து உடைத்தாள். டக். ஓசூர் இல்லை என்று ஆனது. அடுத்த வாரம் நேரில் போய் முதல் ஐந்நூறு தாள் வாங்கிவந்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். வெயில் காலத்தில் போங்கள், மழைக்காலத்தில் தாள் காயாது. முதல் நாளே போன் செய்யுங்கள். தலைக்குக் குளித்த ஈரத்தோடு கொட்டகைக்குள் போகாதீர்கள். குழம்பு, ஊறுகாய்க்கு இந்தத் தாள் ஆகாது, கரைந்துவிடும். மொறுமொறுப்பான பண்டத்துக்கு மட்டும்தான். ஒட்டுவதற்கு மெழுகு பூசாத பக்கம் விரல் ஈரம் போதும். கடைசி பஸ்ஸை நம்பாமல் நாலு மணிக்குள் மாரண்டஹள்ளிக்குத் திரும்பிவிடுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். சாக்கை எடுத்த பிறகு தாள் நன்றாகக் காய்கிறது. நன்றாகக் காய்வதால் சத்தமும் முன்பைவிட அதிகம், அடங்குவதே இல்லை. பின்பக்கம் மாதேஷ் நின்றுகொண்டிருப்பார். பக்கத்தில் குடம் இருக்கும், வெறும் குடம். அவரிடம் இது என்ன சத்தம் என்று கேட்காதீர்கள். தாள் வாங்கப் போன அன்று நான் கேட்டுவிட்டேன்.

"மழைங்க" என்றார்.

மேலே பார்த்தேன். ஒரு மேகம் இல்லை, கண் கூசும் வெயில். பையில் இருந்த குடையை எடுத்து விரித்தேன். அவரும் வந்து அதன் கீழே நின்றார்.