கெட்டி அட்டைப் புத்தகமும் கண்டக்டர் சித்தப்பாவும்

அந்தப் புத்தகத்தை நூலக மேடம் குழந்தையின் கையில் கொடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பக்கங்களெல்லாம் கெட்டி அட்டை, கையைக் குத்தாதபடி மழுங்க வெட்டிய முனைகள், மேலட்டையில் வாலைத் தூக்கி நிற்கும் மஞ்சள் பூனை. சித்தப்பாவின் மகள் அதை இரண்டு கைகளாலும் வாங்கினாள். வலது கண்ணில் ஒற்றினாள், இடது கண்ணில் ஒற்றினாள், பிறகு மிகுந்த மரியாதையோடு மேடத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். வந்த வேலை முடிந்தது என்பதுபோலச் சித்தப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

நான் அப்போது மைசூரில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அக்ரஹாரம் என்ற பகுதியில் சித்தப்பா வீட்டு மாடி அறையில் தங்கி, பாதி நாட்கள் அங்கிருந்தே கணினியில் வேலை பார்த்தேன். சித்தப்பா தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்க்காரர். ஹனூரிலிருந்து கொள்ளேகால் வழியாக மைசூருக்கு வரும் தனியார் பஸ்ஸில் பல வருடம் கண்டக்டராக இருந்தவர். முதுகில் வலி வந்து, இனி நின்றபடி செய்யும் வேலை கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட, வீட்டோடு இருந்தார். சித்தி ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கன்னடக் குடும்பத்தில் பிறந்தவர், நர்ஸ். அதனால் குழந்தையைக் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, தூங்க வைப்பது, துணி துவைப்பது எல்லாமே சித்தப்பாவின் பொறுப்பு.

குழந்தைக்கு இரண்டரை வயது. ஒரு சொல்கூடப் பேசியதில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று சோதித்துச் சொல்லிவிட்டார்கள். எந்த மொழியானாலும் சரி, வீட்டில் நிறையப் பேசுங்கள் என்றார் மருத்துவர். சித்தியின் அக்கா வேறொரு முடிவுக்கு வந்திருந்தார். அம்மா கன்னடம், அப்பா தமிழ், பிஞ்சு மூளை குழம்பிக் கிடக்கிறது. தசரா முடிந்ததும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோய்விடுகிறேன், பிள்ளைகள் நிறைந்த வீடு, ஒரே மொழி, தானாகப் பேசிவிடும் என்றார். வேலைக் களைப்பில் இருந்த சித்தி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

மறுநாள் மொட்டை மாடியில் குழந்தையின் கவுன்களைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த சித்தப்பா என்னைப் பார்க்காமலே கேட்டார்: “பாப்பாளக் கொண்டு போயிட்டா நான் இங்க என்னம்மணி பண்றது?”

அவ்வளவுதான் பேசினார். அவர் எப்போதுமே அளந்து பேசுகிறவர். சாப்பாடு எப்படி என்று கேட்டால் தலையசைப்பார். அப்படிப்பட்டவரிடம் போய், நாள் முழுக்கக் குழந்தையோடு பேசுங்கள் என்றால் எதைப் பேசுவார்?

எனக்கு எதையும் வரிசைப்படுத்தி எழுதினால்தான் நிம்மதி. குழந்தை தினமும் பார்க்கும் பொருட்களின் பெயர்களை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். சித்தப்பா அதன் முன்னால் நின்று, “தட்டு. தண்ணி. செருப்பு. சன்னல்” என்று பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதுபோல வாசித்தார். குழந்தை கொட்டாவி விட்டது. அப்போதுதான் எங்கள் தெரு நூலகத்தில் புதிய புத்தகங்கள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு மூவருமாகப் போனோம். செய்தித்தாள் மேசைக்குப் பின்னால் ஒரு தாழ்வான அலமாரி போட்டிருந்தார்கள். மேல் தட்டில் குழந்தைகளை வளர்ப்பவர்களுக்கு, எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று சொல்லும் புத்தகங்கள். கீழ்த் தட்டில், குழந்தையின் கை எட்டும் உயரத்தில், தமிழிலும் கன்னடத்திலும் படப் புத்தகங்கள். சிலவற்றில் எழுத்தே கிடையாது, படங்கள் மட்டும்.

கண்ணில் ஒற்றித் திருப்பிக் கொடுத்த கதைக்கு வருகிறேன். அது குழந்தையின் தப்பில்லை. காகிதத்தில் கால் பட்டால் சித்தப்பாவுக்கு உடம்பே கூசும். டிக்கெட் கட்டைக்கூடக் காலையில் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பையில் வைப்பாராம். வீட்டில் குழந்தை செய்தித்தாளை மிதித்தாலும், காலண்டரைக் கசக்கினாலும், “தொட்டுக் கும்பிடு கண்ணு” என்பார். அவளும் கற்றுக்கொண்டுவிட்டாள். புத்தகம் என்றால் கும்பிட்டுவிட்டுத் தள்ளி நிற்க வேண்டிய ஒன்று.

மேடம் தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிறவர். “இது தேவரு மனையில, சாமி ரூம்ல வெக்கறதுக்கு இல்லப்பா. கைல கொடுங்க. கடிக்கட்டும், எறியட்டும், பரவாயில்லா” என்றார்.

“கடிச்சா கிழிஞ்சு போவுமுங்களே.”

“கிழியாது. நீங்க கடிச்சாலும் கிழியாது, டெஸ்ட் பண்றீங்களா?”

சித்தப்பா வெட்கப்பட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் அது சாமி அலமாரிக்குத்தான் போனது. நான் இரண்டு முறை எடுத்துக் கீழே வைத்தேன், இரண்டு முறையும் மேலே ஏறிவிட்டது. மூன்றாம் முறை சித்தி எடுத்துக் குழந்தையின் பாயில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார். அன்று சாயங்காலம் பூனையின் வாலில் பல் பதிந்திருந்தது. சித்தப்பா அதை மேடத்திடம் காட்டிவிட்டு வரத் தனியாக நூலகம்வரை நடந்தார். “இதுக்குத்தான் வாங்கினது” என்று சொல்லி மேடம் அனுப்பிவிட்டாராம். அன்றிலிருந்து சித்தப்பாவின் கெடுபிடி கொஞ்சம் தளர்ந்தது.

ஒரு மதியம் மாடி அறையில் கணினி வழியாக அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். கீழிருந்து ஒரு குரல் வந்தது. முதலில் யாரோ என்றுதான் நினைத்தேன். மூக்காலும் தொண்டையாலும் சேர்ந்து வரும், கடைசி சீட்டுவரை எட்டும் குரல். “பூனை, பூனை, பூனை! பூனை எறங்கறவங்கல்லாம் முன்னால வாங்க! பாட்டி, கூடைய எடுங்க! கண்ணு, படியில நிக்காத!” ஆட்கள் இறங்குமளவு இடைவெளி. பிறகு, “ரைட்!” அட்டைப் பக்கம் திரும்பும் சத்தம். “அடுத்து கோழி, கோழி, கோழி!”

மைக்கை அணைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன். வீட்டில் வாயே திறக்காத மனிதருக்குப் பஸ்ஸில் எவ்வளவு பேச்சு இருந்திருக்கிறது! கோழி ஸ்டாப்பில் சில்லறை இல்லாத ஆளோடு சண்டை போட்டார். மழைப் படத்தில் ஜன்னலை மூடச் சொன்னார். படத்தில் இல்லாதவர்களெல்லாம் ஏறி இறங்கினார்கள். ஒவ்வொரு பக்கமும் “ரைட்” சொன்ன பிறகுதான் திரும்பியது. குழந்தை மடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

அதன் பிறகு தினமும் அந்த பஸ் ஓடியது. ஒருநாள் நடுவில் சித்தப்பாவுக்கு இருமல் வந்து பக்கம் அப்படியே நின்றுவிட, குழந்தை “ரை” என்றது. என் காதால் கேட்டேன். சித்தியிடம் சொன்னபோது, “வாயில காத்து வந்திருக்கும்” என்றார். நம்பி ஏமாறப் பயந்தார் என்று நினைக்கிறேன். அதன் பிறகு பல நாட்கள் சத்தமே இல்லை.

தசரா முடிந்தது. சொன்னபடியே சித்தியின் அக்கா வந்துவிட்டார். எல்லோரும் குழந்தையைச் சுற்றி உட்கார்ந்து சொல்லு, சொல்லு என்று கெஞ்ச, அவள் முகத்தைத் திரைச்சீலைக்குள் புதைத்துக்கொண்டாள். சித்தி எழுந்து போய்க் கவுன்களை ஒரு பையில் மடித்து வைக்கத் தொடங்கினார். சித்தப்பா வாதாடவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார். குழந்தை திரையிலிருந்து வெளியே வந்து அவர் மடியில் ஏறியது. முதல் ஸ்டாப்பில் கூட்டம் ஏறியது, இறங்கியது. பிறகு அவர் வாயை மூடிக்கொண்டார். பக்கத்தைத் திருப்பவில்லை. மைத்துனிக்கு முன்னால் அந்தக் குரலில் கத்தியதில் அவர் காது சிவந்திருந்தது. குழந்தை படத்தைப் பார்த்தது, அப்பாவின் முகத்தைப் பார்த்தது. உள்ளங்கையால் பக்கத்தை ஓங்கி அடித்தது.

“ரைட்!”

சித்தியின் கை பையில் அப்படியே நின்றது. அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இது தமிளா, கன்னடவா?” என்று கேட்டார்.

“எரடும் இல்ல அக்கா, பஸ் பாஷெ” என்றார் சித்தப்பா.

அக்கா சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையின் எதிரே உட்கார்ந்து, இன்னொரு டிரிப் அடிக்கச் சொன்னார். மடித்த கவுன்களைச் சித்தி ஒவ்வொன்றாக எடுத்துப் பீரோவில் வைத்தார். பேச்சு வர எதெது காரணம் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை அதற்கான நாள் தானாகவே வந்திருக்கலாம். பை திரும்பக் காலியானது மட்டும் எனக்குப் போதும்.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். அம்மாவிடம் கன்னடம், அப்பாவிடம் தமிழ், என்னைத் திருத்தும்போது மட்டும் ஆங்கிலம். நான் வேறு பகுதிக்குக் குடிபோய்விட்டாலும், புதிய புத்தகங்கள் வந்திருக்கின்றன என்று மேடம் தகவல் சொன்னால் சனிக்கிழமை மூவரும் அங்கே சந்தித்துக்கொள்வோம். போன வாரமும் போயிருந்தேன். உள்ளே நுழையும்போதே அவள் குரல் கேட்டது. ஏன் ஆமைக்குப் பல் இல்லை, யார் பிடுங்கினார்கள் என்று சித்தப்பாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஏதோ பதில் சொல்ல, அதற்குள் அடுத்த கேள்வி. செய்தித்தாள் மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் கண்ணாடியை இறக்கிவிட்டு, “ஏம்ப்பா, இது லைப்ரரி. உங்க பொண்ணு ரொம்பப் பேசறா. கொஞ்சம் சொல்லி வைங்க” என்று கடிந்துகொண்டார்.

சித்தப்பா எழுந்து நின்றார். “சரிங்க மேடம்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, அது என் காதில் விழுந்ததா என்று உறுதி செய்துகொள்வதுபோல மெதுவாகச் சொன்னார்:

“ரொம்பப் பேசறாளாமா.”